கண்காட்சிக்கு அடுத்த திங்கட்கிழமை: திருகோணமலைப் பிள்ளைகளும் தொழில்நுட்பக் கல்வியும்

திருகோணமலையில் விஞ்ஞான, தொழில்நுட்ப மாநாடு என்றால் அதன் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். மங்கல விளக்கு, வரவேற்பு நடனம், அதிதிகள் உரை, அதன் பிறகு வகுப்பறைகளில் கண்காட்சி. அப்பச்சோடாவும் வினாகிரியும் சேர்ந்து பொங்கும் எரிமலை ஒரு மேசையில், அட்டைப் பெட்டியில் செய்த நீர்மின் நிலையம் இன்னொரு மேசையில், கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் சின்ன ரோபோ மூலையில். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வரிசையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பின்னேரம் சான்றிதழ் கொடுத்து முடிப்பார்கள்.

அந்த நாளில் பிள்ளைகளின் முகத்தில் தெரியும் உற்சாகம் உண்மையானது. அதை ஏற்படுத்த ஆசிரியர்கள் படும் பாடும் எனக்குத் தெரியும். என் கவலை எல்லாம் அடுத்த திங்கட்கிழமை பற்றித்தான். தரம் 9 படிக்கும் பிள்ளை வீட்டுக்குப் போய், "அப்பா, நான் எஞ்சின் சம்பந்தமாப் படிக்கப் போறேன்" என்று சொன்னால், "எங்க படிப்பாய், படிச்சு முடிச்சா என்ன வேலை?" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரிந்தவர்கள் நம் பகுதியில் பல வீடுகளில் இல்லை. மாநாடும் அந்தப் பதிலைச் சொல்லிக் கொடுத்து அனுப்புவதில்லை. ஆர்வத்தைக் கிளப்பிவிட்டு வழியைச் சொல்லாமல் விட்டால், மூன்று மாதத்தில் பிள்ளை பழையபடி ரியூசன் வகுப்பு எதைச் சொல்கிறதோ அதைத் தெரிவுசெய்து விடும்.

ஆகவே வழி எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

வாசல் எந்தப் பாடசாலையில்?

இலங்கைப் பாடசாலைகளை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வரை உள்ளவை 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி. வகை 2 பாடசாலைகள் சாதாரண தரத்தோடு நின்றுவிடும். வகை 3 இல் சின்ன வகுப்புகள்தான். இந்த நான்கு எழுத்துக்களும் இலக்கங்களும் பெற்றோருக்கு அலுவலகச் சமாசாரமாகத் தோன்றும். ஆனால் ஒரு பிள்ளை இயற்பியல் படிக்குமா படிக்காதா என்பதை, அந்தப் பிள்ளையின் கெட்டித்தனத்துக்கு முன்பே இந்த வகைப்பாடு பாதி தீர்மானித்து விடுகிறது.

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. பெயர் பெற்ற கல்லூரிகள் பல நகரத்துக்குள், ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. வெருகலிலோ, குச்சவெளிக்கு அப்பால் புல்மோட்டைப் பக்கத்திலோ இருக்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. ஊர்ப் பாடசாலையில் உயர்தரக் கலைப்பிரிவு இருந்தால் அதில் சேர்வது. இல்லாவிட்டால் சொந்தக்காரர் வீட்டில் தங்கி நகரத்தில் படிப்பது. பெண் பிள்ளை என்றால் இரண்டாவது வழி பல வீடுகளில் பேச்சுக்கே எடுபடாது. கிழக்கில் இத்தனை பிள்ளைகள் கலைப்பிரிவில் சேர்வதை விருப்பம் என்று எடுத்துக்கொள்வது சரியில்லை என்பது என் கருத்து. எட்டுகிற தூரத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது.

இந்த நிலையைக் கொஞ்சமாவது மாற்றக்கூடிய ஏற்பாடு ஒன்று 2013 இல் வந்தது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது அந்த ஆண்டில்தான். 2015 இல் முதல் தொகுதி மாணவர்கள் பரீட்சை எழுதினார்கள். இதில் இரண்டு கிளைகள்: பொறியியல் தொழில்நுட்பம், விவசாயமும் உணவும் சார்ந்த உயிர்முறைமைகள் தொழில்நுட்பம். இரண்டுக்கும் பொதுவாகத் தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானம் என்ற பாடம் கட்டாயம். மூன்றாவதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம், பொருளியல், புவியியல் போன்றவற்றில் ஒன்றை எடுக்கலாம். எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு என்பது இந்தப் பிரிவின் பெரிய பலம். கையால் வேலை செய்யத் தெரிந்த பிள்ளைக்கு அதற்கும் புள்ளி கிடைக்கிறது.

படித்துவிட்டு எங்கே போவது? பொறியியல் தொழில்நுட்பப் பட்டம், உயிர்முறைமைகள் தொழில்நுட்பப் பட்டம், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பட்டம் என்று அரச பல்கலைக்கழகங்களில் தனிக் கற்கைநெறிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்ப பீடங்கள் உண்டு. நமது ஊரிலேயே, நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கணினி விஞ்ஞானம் கற்பிக்கிறது. உயர்தரத்தைத் தமிழில் படித்த பிள்ளை இந்த பீடங்களில் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதலாம் வருடத்தில் திகைத்து நிற்கக் கூடாது.

இன்னொன்றையும் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொழில்நுட்பப் பட்டம் என்பது பொறியியல் பட்டம் அல்ல. கணிதப் பிரிவில் படித்துப் பொறியியல் பீடம் போகும் பிள்ளையும், தொழில்நுட்பப் பிரிவில் படித்துத் தொழில்நுட்ப பீடம் போகும் பிள்ளையும் வெவ்வேறு வேலைகளுக்குத் தயாராகிறார்கள். ஒருவர் பாலத்துக்குக் கணக்குப் போடுகிறார் என்றால், மற்றவர் அது சரியாகக் கட்டப்படவும் பழுதில்லாமல் இயங்கவும் பொறுப்பாக இருக்கிறார். இரண்டுமே நல்ல தொழில்கள். இதைத் தெளிவாகச் சொல்லாமல் "எஞ்சினியர் ஆகலாம்" என்று மேடையில் முழங்கினால், பின்னால் ஏமாற்றம் வரும். அந்த ஏமாற்றம் அடுத்த தம்பி தங்கச்சிமாரையும் திருப்பிவிடும்.

பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சிறு அனுகூலமும் இருக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அந்த 16 இல் திருகோணமலையும் ஒன்று. கொழும்புப் பிள்ளைக்குத் தேவைப்படும் இசட் புள்ளியும் (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளி) இங்குள்ள பிள்ளைக்குத் தேவைப்படுவதும் ஒன்றல்ல என்பதைத் தரம் 11 பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

பல்கலைக்கழகம் போகாத பிள்ளைக்கு

உயர்தரம் எழுதும் பிள்ளைகளில் பெரும்பான்மையினர் அரச பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதில்லை. இடங்கள் அவ்வளவுதான். ஆனால் மாநாட்டு உரைகள் எல்லாம் பல்கலைக்கழகம் போகிறவர்களைப் பார்த்தே பேசுகின்றன. சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளையும் அந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கான ஏணி என்.வி.க்யூ என்று எல்லோரும் சொல்லும் தேசிய தொழில் தகைமை. ஏழு மட்டங்கள் இதில் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ்கள், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதை மேற்பார்வை செய்கிறது. திருகோணமலைத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற் பயிற்சி அதிகார சபை, தொழில் பழகுநர்களைச் சேர்க்கும் நைற்றா என்று பல வாசல்களால் இந்த ஏணியில் ஏறலாம். 2008 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், யூனிவோடெக் என்று சொல்வார்களே, அது இரத்மலானையில் இருக்கிறது. மோட்டார் பொறிமுறையாளராகத் தொடங்கிய ஒருவர் படிப்படியாக ஏறிப் பட்டம் வரை போகும் வழி சட்டப்படி திறந்துதான் இருக்கிறது. 2017 இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தில், சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் பாடசாலையிலேயே தொழிற் பாடங்களைத் தொடரலாம்.

இதற்குள் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. ஏற்கெனவே தொழில் தெரிந்த, ஆனால் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாத ஆள், தன் அனுபவத்தைச் சோதித்துக் காட்டியே என்.வி.க்யூ சான்றிதழ் எடுக்கலாம். முன்னைய கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். திருக்கடலூரிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் படகு எஞ்சினைச் சத்தத்தை வைத்தே இன்ன இடத்தில் பழுது என்று சொல்லும் அண்ணன்மார் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மாநாட்டுக்கு அழைத்து, ஒரு மேசையும் பழைய எஞ்சினும் கொடுத்துப் பாருங்கள். எஞ்சினுக்குள் தீப்பொறி போடும் பிளக்கைக் கழற்றி, அதன் நுனியின் நிறத்தைக் காட்டி, எரிபொருள் கூடினால் எப்படிக் கறுக்கும், குறைந்தால் எப்படி வெளுக்கும் என்று அவர் சொல்லும்போது இரசாயனவியல் பாடம் தானாக வரும். அவரும் அதே மண்டபத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டுப் போகலாம்.

காலடியில் கிடக்கும் தொழில்நுட்பம்

கண்காட்சி மேசைகளில் நான் அதிகம் தேடுவது திருகோணமலையைத்தான். எந்த ஊரிலும் வைக்கக்கூடிய எரிமலைதான் இங்கும் பொங்குகிறது. இந்த மாவட்டத்துக்கென்றே பெயர் சொல்லும் ஒன்று இருக்கிறது, அது புல்மோட்டையின் கனிய மணல்.

உலகில் செறிவு கூடிய கனிய மணல் படிவுகளில் ஒன்று நமது வடக்குக் கரையில் கிடக்கிறது. 1957 இல் இதற்கென அரச கூட்டுத்தாபனம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அது லங்கா கனிய மணல் நிறுவனம். அந்தக் கறுப்பு மணலுக்குள் இல்மனைட், ரூட்டைல், சேர்கோன் என்று விலையுள்ள கனிமங்கள் சாதாரண மணலோடு கலந்திருக்கின்றன. அவற்றை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது உயர்தர இயற்பியலின் பாதியை ஒரே தொழிற்சாலைக்குள் காட்டிவிடும். முதலில் அடர்த்தி. சாதாரண மணலான குவார்ட்ஸின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு, இல்மனைட் ஏறக்குறைய 4.7 மடங்கு, சேர்கோன் 4.6 மடங்கு. தண்ணீரோடு சுழலவிட்டால் பாரமானது ஒரு பக்கமும் லேசானது இன்னொரு பக்கமும் ஒதுங்கும், அம்மா அரிசி அரித்துக் கல் பிரிக்கிற மாதிரி. அடுத்து காந்தம். இல்மனைட்டை வலுவான காந்தம் இழுக்கும். ரூட்டைலையும் சேர்கோனையும் இழுக்காது. கடைசியில் மின்சாரம். எஞ்சிய இரண்டுக்கும் உயர் மின்னழுத்தத்தில் மின்னேற்றம் கொடுத்து, சுழலும் உருளையில் கொட்டுவார்கள். ரூட்டைல் மின்னைக் கடத்துவதால் ஏற்றத்தை உடனே இழந்து உருளையை விட்டுத் தெறிக்கும். சேர்கோன் கடத்தாது, ஏற்றத்தை வைத்துக்கொண்டு உருளையில் ஒட்டியபடியே போகும், அதைத் தூரிகையால் தட்டி எடுப்பார்கள்.

இதை ஒரு மேசையில் காட்டப் பெரிய செலவு இல்லை. நிறுவனத்திடம் முறையாகக் கேட்டு வாங்கிய ஒரு போத்தல் மணல், பழுதான கணினி ஹார்ட் டிஸ்கிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று, ஒரு பொலித்தீன் பை. காந்தத்தைப் பைக்குள் போட்டு மணலுக்கு மேலால் மெல்ல இழுத்தால் கறுப்புத் துகள்கள் மயிர்போல் எழுந்து பையில் ஒட்டும். பையை வேறொரு தட்டுக்கு மேலே பிடித்து உள்ளேயிருந்து காந்தத்தை எடுத்தால் அத்தனையும் பொலபொலவென்று விழும். "தம்பி, நீங்களே பிடிச்சு இழுத்துப் பாருங்க" என்று காந்தத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டிய கண்காட்சியால் யாரும் தொழில்நுட்பம் படிக்கப் போனதாக நான் அறியவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சாதாரணக் காந்தம் இதற்கு ஏன் போதாது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். இல்மனைட்டின் காந்த இயல்பு மிக மெலிது என்ற விளக்கத்தை அப்போது சொன்னால் மறக்காது.

அந்தக் கறுப்பு இல்மனைட்டிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் டயொக்சைட்தான் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை கொடுக்கிறது. சேர்கோன் ஓடுகளுக்கும் பீங்கானுக்கும் போகிறது. நாமோ பல பத்தாண்டுகளாக மணலைப் பிரித்து அப்படியே கப்பலேற்றுகிறோம். அதை இங்கேயே பெயின்டுப் பொருளாக மாற்றுவதற்கு முதலீடு வேண்டும் என்பது சரி. இரசாயனத் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகளும் வேண்டும். புல்மோட்டையில் பிறந்த பிள்ளைக்கு இதைவிட நேரடியான அழைப்பு வேறென்ன இருக்க முடியும்?

கடலில் இன்னொரு கதை. நமது சிறு படகுகளின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. கரையில் இழுத்துப்போட்ட படகுகளை அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டு வாசலில் பார்த்தார்கள். பற்றரியில் ஓடும் படகு எஞ்சின் எவ்வளவு தூரம் போகும், அதற்கு எத்தனை கிலோ பற்றரி வேண்டும், அந்தப் பாரத்தை நமது பைபர் படகு தாங்குமா என்று கணக்குப் போடுவது அவர்களுக்கு வெறும் பாடப் பயிற்சி இல்லை. அப்பாவின் தொழில்.

சம்பூரில் நிலக்கரி மின் நிலையத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டு, 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். சூரியத் தகட்டைப் பற்றி நம்மவர்கள் பலரும் நினைப்பது, வெயில் கொளுத்தினால் மின்சாரமும் கூடும் என்று. வெளிச்சம் கூடினால் கூடும், சூடு கூடினால் குறையும். தகட்டின் திறனை 25 பாகை செல்சியஸில்தான் அளந்து எழுதுகிறார்கள். நமது மத்தியான வெயிலில் தகடு 60 பாகை வரை சூடாகலாம். ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 வீதம் திறன் போகிறது. அதாவது பத்தில் ஒரு பங்குக்கு மேல். ஒரு சிறிய தகடு, ஒரு மல்டிமீற்றர், ஒரு ஈரத்துணி போதும். வெயிலில் வைத்த தகட்டின் பின்பக்கத்தில் ஈரத்துணியை வைத்ததும் வோல்ற்றளவு மெல்ல ஏறுவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். சம்பூர் மகா வித்தியாலயப் பிள்ளைகள் இந்த மேசையை நடத்தினால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்.

சீனக்குடாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பிறிமா மாவாலை, டோக்கியோ சிமெந்து ஆலை, கிளிரிசீடியா விறகில் ஓடும் அதன் மின் நிலையம், பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி அவற்றில் 61 ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் சேர்ந்து அபிவிருத்தி செய்ய வேண்டும். துருப்பிடித்த தாங்கியைச் சோதிக்க, வெல்டிங் செய்ய, அளவுகளைக் கணினியில் கண்காணிக்க ஆட்கள் தேவைப்படுவார்கள். அவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பது இப்போது தரம் 9 இல் இருக்கும் பிள்ளைகள் எடுக்கும் முடிவில் இருக்கிறது. பின்மாரியில் மகாவலி பெருகி வெருகல் ஊர்கள் தண்ணீரில் நிற்பதைச் சொல்லவே வேண்டாம். மலிவான உணரி ஒன்றால் ஆற்று மட்டத்தை அளந்து குறுஞ்செய்தி அனுப்பும் கருவியை உயர்தர மாணவர் ஒருவர் செய்ய முடியும்.

விண்வெளி பற்றிப் பேசும் மேசைகளிலும் ஊருக்கு ஓர் உரிமை உண்டு. பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றும் செய்மதிகளால் உலகத்தை இணைக்கலாம் என்று 1945 இல் எழுதிய விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், 1956 இல் சுவாமி மலைக்குக் கீழே கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேஸ்வரத்தின் கற்களைக் கண்டவர். செய்மதிப் படத்தைத் தொங்கவிடுகிறவர்கள் கிளார்க்கின் படத்தையும் பக்கத்தில் வைக்கலாம்.

யாருக்காக, எப்போது?

மாநாடுகளில் பெரும்பாலும் உயர்தர மாணவர்களையே முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். அவர்கள் ஏற்கெனவே பிரிவைத் தெரிவுசெய்து விட்டார்கள். உண்மையான தெரிவு அதற்கு முன்பே நடக்கிறது. தரம் 10 இல் சேரும்போது சாதாரண தரத் தெரிவுப் பாடங்களின் மூன்றாம் தொகுதியிலிருந்து ஒரு பாடம் எடுக்க வேண்டும். அந்தத் தொகுதியில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் இருக்கிறது. இயந்திரம், மின்னும் இலத்திரனியலும், நிர்மாணம் என்று மூன்று தொழில்நுட்பப் பாடங்கள் இருக்கின்றன. நமது களப்புகளுக்கென்றே வைத்தாற்போல் நீர்வாழ் உயிரின வளத் தொழில்நுட்பமும் இருக்கிறது. புத்தகத்தில் இருக்கின்றன, சரி. பாடசாலையில் இருக்கின்றனவா? பட்டறை அறை இல்லை, ஆசிரியர் இல்லை என்றால் அதிபர் எந்தப் பாடத்துக்கு ஆள் இருக்கிறதோ அதைத்தான் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே தரம் 9 பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும்தான் இந்த மாநாடுகளின் முதல் விருந்தாளிகள். பெற்றோர் வர வேண்டுமானால் வேலைநாளில் வைக்கக் கூடாது. மீன்பிடிக் குடும்பங்களுக்கு வெள்ளியும் ஞாயிறும் எப்படி என்று அந்தந்த ஊரில் கேட்டு வைக்க வேண்டும். வெருகல், ஈச்சிலம்பற்று, புல்மோட்டை, கோமரங்கடவலப் பிள்ளைகளுக்கு பஸ் போட வேண்டும், அல்லது மாநாட்டையே அங்கு கொண்டுபோக வேண்டும். பிரதேச செயலகங்களோடு இயங்கும் விதாதா வள நிலையங்கள் கிராமத்துக்குத் தொழில்நுட்பம் கொண்டுபோகவே உருவானவை. இளம் கண்டுபிடிப்பாளர்களுக்குப் போட்டி வைக்கும் புத்தாக்குநர் ஆணைக்குழுவும், பாடசாலை விஞ்ஞானச் சங்கங்களுக்கு உதவும் தேசிய விஞ்ஞான மன்றமும் இருக்கின்றன. விளக்கமளிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். வெல்டிங் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரு அக்கா பேசுவதைப் பார்த்தால், அந்த வேலை ஆண் பிள்ளைகளுக்குத்தான் என்ற பேச்சு அம்மாமாரிடம் அவ்வளவு சுலபமாக எடுபடாது.

கிழக்கு மாகாணத்தின் தலைநகரம் திருகோணமலை. மாகாணப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் நியமிக்கும் அலுவலர்கள் இந்த நகரத்தில்தான் இருக்கிறார்கள். மாநாட்டு மேடையில் அதிதிகளாக உட்காருவதும் அவர்கள்தான். மண்டபத்தை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு மேசை போட்டு, தரம் 9 பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்தப் பாடசாலை, மூன்றாம் தொகுதியில் எந்தப் பாடம் கிடைத்தால் எடுப்பார்கள் என்று எழுத வைக்கலாம். பாடசாலை வாரியாகக் கூட்டிய அந்தப் பட்டியலை, சான்றிதழ் வழங்கல் முடியும் முன் வலயக் கல்விப் பணிப்பாளர்களின் கையில் கொடுத்துவிட வேண்டும். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று மாவட்டத்தில் இருப்பது ஐந்து வலயங்கள்தான். இருக்கும் தொழில்நுட்ப ஆசிரியர்களை எந்தப் பாடசாலைக்கு அனுப்புவது, ஓர் ஆசிரியர் இரண்டு பாடசாலைகளுக்கு நாள் பிரித்துப் போக முடியுமா என்பதை அடுத்த வருட நேரசூசி போடும் முன்பே அந்தப் பட்டியலை வைத்துப் பேசித் தீர்க்கலாம்.